திடீரென்று

வகுப்புக்குப் போகாதவனுக்கு
வண்டிச் சாவி கிடையாது என்றது கம்பெனி.
இருபத்துமூன்று வருஷம் வேன் ஓட்டியவனை
எழுதும் பலகை வைத்த நாற்காலியில்
முட்டியை மடக்கி உட்காரவைத்தார்கள்.
ஸெஸ்தாபோனியிலிருந்து குத்தாயிஸி வரை
கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் நான்,
எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறீர்கள் என்றேன்.
பின்வரிசையில் லாரிக்காரன் கோச்சா சிரித்தான்.

தாத்துலி சிரிக்கவில்லை.
என் சின்ன மகளைவிட
இரண்டு வயது கூட இருக்கலாம்.
கோட்டுப் பையெல்லாம் சுண்ணக்கட்டி.
"எவ்வளவு நேரம்?" என்றாள்.
"எது?"
"கண்ணை மூடியிருப்பது."

ஒரு தாள் கொடுத்தாள். ஒரே கேள்வி:
உங்கள் விபத்து எப்படி நடந்தது?

மாடு திடீரென்று குறுக்கே பாய்ந்தது.

போலீசுக்கு இதையே சொன்னேன், மனைவிக்கு இதையே,
முன்சீட்டில் மணிக்கட்டு முறிந்த பெண்ணுக்கு,
ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் மகனுக்கு.
சொல்லிச் சொல்லி
சட்டைப் பொத்தான் போலாகிவிட்டது அந்த வாக்கியம்,
பார்க்காமலே போட வரும்.

பிறகு எங்களை வெளியே கூட்டிப் போனாள்.
மூடிப்போன தேயிலை ஆலையின் முற்றம்.
"அறுபதில் போகிறீர்கள், போந்தோ.
கண் பார்த்துவிட்டது.
காலுக்குச் சேதி போய்ச் சேர ஒரு நொடி.
அந்த நொடியை நடந்து காட்டுங்கள்."

நடந்தேன்.
குழாயடித் தேங்கல்.
ஒரு கோழி, அதன் பின்னால் இரண்டு குஞ்சு.
மல்பெரி மரத்தின் நிழல், முழுசாக.
யாரோ காயப்போட்ட கம்பளம்.
கோச்சா நீட்டிவைத்த கால்.
இருபத்துநான்கு எட்டு வைத்து
கோட்டில் வந்து நின்றேன்.
"பதினேழு மீட்டர்" என்றாள்,
"பிரேக்கை இன்னும் நீங்கள் தொடவே இல்லை."

அப்புறம், ஏதோ விலை விசாரிப்பவள் போல:
"வழியில் எத்தனை தேவாலயம்?"
ஐந்து.
"ஒவ்வொன்றுக்கும்?"
மூன்று சிலுவை, எல்லாரையும் போல.
"எந்தக் கையால்?"
வலது கையை உயர்த்திக் காட்டினேன்.
அது எனக்கே அந்நியமாக இருந்தது.
குனிந்து கோடு போட்டுக்கொண்டே போனாள்.
முற்றம் முடிந்தது, கேட்டைத் தாண்டினாள்,
தெருவில் ரொட்டிக்கடை வாசல்வரை இழுத்தாள்.
என் பக்தியின் நீளம்
ஐம்பது மீட்டர்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
நவம்பர் மழை, தேவாலய வளைவு, அந்த மாடு.
செவலை.
இடது கொம்பு பாதியில் ஒடிந்திருக்கும்.
கழுத்துக் கயிறு ஈரத்தில் கிடந்து இழுபடும்.
வாய் அசை போட்டுக்கொண்டிருக்கும்.

எழுந்து உட்கார்ந்தேன்.
பாய்கிற மாடு
அசை போடுமா?

மறுநாள் தாளைத் திருப்பிக் கேட்டேன்.
ஒரு சொல்லை அடித்தேன்.
அதை எடுத்ததும் மீதியும் நிற்கவில்லை,
முழுவதையும் அடித்துவிட்டு எழுதினேன்:
மாடு நின்றிருந்தது. நான் வந்தேன்.
தாத்துலி படித்தாள், மதிப்பெண் போடவில்லை,
வருகைப் பதிவில் மட்டும் ஒரு குறி.

இப்போது வளைவுக்கு முன்பே கால் தளர்கிறது.
இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்.
பின்னால் பதினான்கு பேர் சிலுவை போடுகிறார்கள்,
சட்டைகள் உரசும் சத்தம் கேட்கிறது.
முன்சீட்டுக்காரர்கள் சிலர்
என்னை நாத்திகன் என்று முறைக்கிறார்கள்.
நேரத்துக்கு வருவதில்லை என்றும் புகார்.

குத்தாயிஸி நிலையத்தில்
என்ஜினை அணைத்து, கைபிரேக் இழுத்து,
எல்லாரும் இறங்கிய பிறகு
ஐந்து தேவாலயத்துக்கும் சேர்த்து
பதினைந்து சிலுவை போடுகிறேன்.
சூரியகாந்தி விதை விற்கும் இரக்லி
எனக்கு ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்து
நேற்று ஒரு பொட்டலம் சும்மாவே கொடுத்தான்.